குரலுக்குக் கம்ப்ரஸர் போட்டும் சில சொற்கள் ஏன் மூழ்குகின்றன?

உரத்த ஒலியைத் தானாக அமுக்கும் கருவியான கம்ப்ரஸரில் ரேஷியோ (எவ்வளவு அமுக்குவது), அட்டாக் (எவ்வளவு வேகமாகப் பிடிப்பது), ரிலீஸ் (எவ்வளவு வேகமாக விடுவது) எவ்வளவு வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதியைப் படித்தால் உண்மையான தொல்லை வேறு என்று தெரிகிறது. ஒரு வீடியோவில் சொன்னபடி 4:1, அட்டாக் 10 மில்லிசெகண்ட், ரிலீஸ் 100 மில்லிசெகண்ட் என்று வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். ஆயத்தமாகக் கிடைத்த இசை ட்ராக்கின் மேல் அந்தக் குரலை வைத்தால் வரிகளின் கடைசிச் சொற்கள் இசைக்குள் போய்விடுகின்றன, மேலே எடுத்துப் பாடிய இடங்கள் காதைக் குத்துகின்றன, சரிசெய்ய இன்னும் அழுத்தினால் குரல் தட்டையாகி உயிர் போய்விடுகிறது. ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும், பாடிய உணர்ச்சியும் மிஞ்ச வேண்டும், இரண்டும் சேர்ந்து நடக்குமா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நடக்கும். ஆனால் அதில் பெரிய பங்கு கம்ப்ரஸருக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டிய வேலை. பல வருடங்களாகப் பிறர் பாடியதை மிக்ஸ் செய்கிறவன் என்ற முறையில், இதில் எது உறுதி, எது ஆளுக்கு ஆள் மாறும் என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்கலாம். கம்ப்ரஸருக்குப் பாட்டு தெரியாது, சொல் தெரியாது. உள்ளே வரும் ஒலியின் மட்டம், த்ரெஷோல்ட் என்று நாம் வைக்கும் எல்லைக்கோட்டைத் தாண்டுகிறதா, எவ்வளவு தாண்டுகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். 4:1 என்றால், த்ரெஷோல்டுக்கு மேல் 4 டெசிபல் போனது 1 டெசிபல்தான் மேலே போய் வெளியே வரும். இப்போது த்ரெஷோல்ட் மைனஸ் 20 டெசிபலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (மென்பொருளின் மீட்டரில் பூஜ்யம்தான் உச்சி, அதற்குக் கீழே எல்லாம் மைனஸ்). வீடியோ போட்டவரின் குரல் உச்சத்தில் மைனஸ் 12-ஐத் தொட்டால் 8 டெசிபல் தாண்டுகிறது, அது 2 ஆகிறது, 6 டெசிபல் குறைகிறது. உங்கள் பதிவு சற்று உரக்க இருந்து மைனஸ் 6-ஐத் தொட்டால் தாண்டுவது 14, மிஞ்சுவது 3.5, குறைவது பத்தரை டெசிபல். மெதுவாகப் பதிவாகி மைனஸ் 18-இல் நின்றால் குறைவது வெறும் ஒன்றரை டெசிபல். மூன்றும் ஒரே எண்கள், மூன்று வெவ்வேறு குரல்கள். அதனால் ரேஷியோவையும் அட்டாக்கையும் மட்டும் யாராவது சொன்னால் பாதித் தகவலைத்தான் சொல்கிறார்கள். எத்தனை டெசிபல் அமுங்குகிறது என்று காட்டும் கெயின் ரிடக்ஷன் மீட்டர் எவ்வளவு இறங்குகிறது என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்கு ஏதாவது பொருள் உண்டு.

அடுத்து, குரல் ஏன் செத்துப்போகிறது என்பது. பெரும்பாலான பாடல்களில் சரணத்தின் தாழ்ந்த வரிக்கும் பல்லவியின் உயர்ந்த வரிக்கும் இடையே பெரிய மட்ட வித்தியாசம் இருக்கும். கணக்குக்காக தாழ்ந்த வரி மைனஸ் 24, உயர்ந்த வரி மைனஸ் 10 என்று வைப்போம். 14 டெசிபல் இடைவெளி. இதைக் கம்ப்ரஸர் ஒன்றை வைத்தே சமப்படுத்த த்ரெஷோல்டை மைனஸ் 22-க்கு இறக்கி 4:1 வைத்தால், தாழ்ந்த வரியை அது தொடவே தொடாது, உயர்ந்த வரியை 9 டெசிபல் அமுக்கும். இடைவெளி 5 ஆகிவிட்டது, சந்தோஷம். ஆனால் என்ன விலைக்கு? அந்த உயர்ந்த வரிக்குள் ஓர் அசைக்கும் அடுத்த அசைக்கும் இருந்த ஏற்ற இறக்கமும் நாலில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. பாடுகிறவர் உயிரைக் கொடுத்துப் பாடிய வரியில்தான் அமுக்கம் அத்தனையும் விழுகிறது. சும்மா முணுமுணுத்த வரி அப்படியே தப்பித்துப் போகிறது. நீங்கள் "உயிரில்லை" என்று எழுதியது இதைத்தான்.

அதே வேலையைக் கையால் பாதி செய்து பாருங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் ட்ராக்கை வரி வரியாக வெட்டி ஒவ்வொரு துண்டின் மட்டத்தையும் தனியாக ஏற்ற இறக்க வசதி இருக்கும், கிளிப் கெயின் என்பார்கள். தாழ்ந்த வரியை 3 டெசிபல் ஏற்றுங்கள், உயர்ந்த வரியை 5 இறக்குங்கள். இப்போது இரண்டும் மைனஸ் 21, மைனஸ் 15. இடைவெளி 6 ஆகிவிட்டது, வரிகளுக்குள் இருந்த ஏற்ற இறக்கம் ஒரு துளி கூடக் கெடவில்லை. இதன் பிறகு மைனஸ் 19-இல் 3:1 வைத்தாலே போதும், உயர்ந்த வரியில் 3 டெசிபலுக்கும் குறைவாகத்தான் அமுங்கும், இடைவெளி மூன்றேகால் டெசிபல் அளவுக்கு வந்துவிடும். முதல் வழியில் 9 டெசிபல் அமுக்கிக் கிடைத்ததைவிடக் குரல் சமமாக இருக்கிறது, அமுக்கியதோ மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு பாட்டுக்கு இது அரைமணி, முக்கால்மணி நேர வேலை. சலிப்பானது, மறுக்கவில்லை. ஆனால் குரலில் நான் செலவழிக்கும் நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது, எந்த ப்ளக்-இன்னுக்கும் (மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் கருவி) இல்லை. எல்லா வரிகளையும் வேவ்ஃபார்மில், அதாவது திரையில் தெரியும் அலைவடிவத்தில், ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள்; பல்லவி சரணத்தைவிடக் கொஞ்சம் உரக்க இருக்கத்தான் வேண்டும். கண்ணை மூடிக் கேட்டுச் செய்யுங்கள். வரியின் வால் மூழ்குகிறதென்றால் அந்த வாலை மட்டும் வெட்டி 2, 3 டெசிபல் தூக்குங்கள். உங்கள் கடைசிச் சொல் பிரச்சினையில் பாதி இங்கேயே தீரும்.

மீதிப் பாதி ரிலீஸில் இருக்கிறது என்று சந்தேகிக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன் அட்டாக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அட்டாக் 10 மில்லிசெகண்ட் என்றால் கம்ப்ரஸர் 10 மில்லிசெகண்ட் சும்மா இருந்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்கும் என்று நினைக்கிறார்கள். இல்லை, தாண்டிய உடனேயே அமுக்கத் தொடங்கிவிடும். முழு அளவின் பெரும்பகுதியை எட்ட எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அது. அந்தப் பெரும்பகுதி என்பது எத்தனை சதவீதம் என்பதையும் ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுகிறார்கள். ஆகவே ஒரு ப்ளக்-இன்னின் 10 மற்றொன்றின் 10 ஆகாது.

"பார்த்தேன்" என்ற ஒரே சொல்லைப் பாடிப் பதிவுசெய்து வேவ்ஃபார்மைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் உதடு பிரியும் சின்ன வெடிப்பு, அது சில மில்லிசெகண்டுகளிலிருந்து சில பத்து மில்லிசெகண்டுகளுக்குள் முடிந்துவிடும். பிறகு ஆகாரம், சொல்லிலேயே பெரிய மேடு. அடுத்து த் இரட்டிக்கும் இடத்தில் நாக்கு பல்லில் ஒட்டி நிற்பதால் நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கிட்டத்தட்ட நிசப்தம். பின்பு தே, அதன் பின் மெல்லத் தேயும் ன். அட்டாக்கை 1 மில்லிசெகண்டில் வைத்தால் ப-வின் வெடிப்பும் அமுங்கும்; சொல் பின்னால் நகர்ந்து, மொழுமொழுவென்று கேட்கும். 20, 30-க்குக் கொண்டுபோனால் வெடிப்பு பெரும்பாலும் அமுங்காமல் வெளியே வந்துவிடும், அதற்குப் பின்னால் வரும் உயிரொலிதான் அதிகம் அமுங்கும். சொல் முன்னால் வந்து நிற்கும், வரிகள் புரியும். இன்னும் தாமதமாக்கினால் ஒவ்வொரு சொல்லின் தலையும் குத்த ஆரம்பிக்கும். நம் மொழியில் க, த, ப என்று சொல்லைத் தொடங்கும் வல்லினம் ஏராளம், அதனால் இந்த வித்தியாசம் ஒரே வரியில் பலமுறை கேட்கும்.

ரிலீஸுக்கு வருகிறேன். அதே சொல்லில் ரிலீஸ் 30 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். அந்த த்-இன் நிசப்தத்துக்குள் கம்ப்ரஸர் முழுசாகக் கையை எடுத்துவிடும்; தே வரும்போது மறுபடி புதிதாகப் பிடிக்கும். ஒவ்வோர் அசையும் தனித்தனியாகப் பிடித்து விடப்படுவதால் குரல் துடிப்பது போல் இருக்கும், சொற்களுக்கு நடுவே மூச்சு இரைச்சலாக எழும்பும். தாழ்ந்த ஸ்தாயியில் இன்னொரு கேடும் உண்டு. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்கு 10 மில்லிசெகண்ட் ஆகும். அட்டாக்கும் ரிலீஸும் அதைவிடச் சின்னதாகப் போனால் கம்ப்ரஸர் குரலின் மட்டத்தைப் பின்தொடராமல் அலையின் வடிவத்தையே பின்தொடரும், ஒலி கரகரக்கும். மறுபக்கம், ரிலீஸ் ஒரு நொடி, ஒன்றரை நொடி என்று நீண்டால், உயர்ந்த சொல்லுக்காக அமுக்கிய கை அப்படியே இருக்கும்போது அடுத்து வரும் மெல்லிய சொல்லும் சேர்ந்து அமுங்கும். வரியின் நடுவில் உச்சம், முடிவில் இறக்கம் என்று போகும் மெட்டுகளில் கடைசிச் சொல் காணாமல் போவது இப்படித்தான். உங்கள் 100 மில்லிசெகண்ட் நீளமில்லைதான். ஆனால் 9, 10 டெசிபல் அமுக்கியிருந்தால் அந்த அமுக்கம் அவிழ்வதற்குள் வால் வந்துவிடும். சில ப்ளக்-இன்களில், ரிலீஸ் நேரத்தைக் கம்ப்ரஸரே முடிவுசெய்யும் ஆட்டோ ரிலீஸ் என்ற பொத்தானும் முன்கூட்டியே அழுத்தப்பட்டு இருக்கும், அதையும் பாருங்கள். நான் செய்வது இதுதான்: பாட்டை ஓடவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டே, ஒரு வரி முடிந்து மூச்செடுக்கும் இடத்தில் முள் பூஜ்யத்துக்கு வந்துசேரும்வரை ரிலீஸைக் குறைப்பேன். அது 80 ஆகவும் இருக்கும், 250 ஆகவும் இருக்கும். பாட்டின் வேகம் சொல்லும்.

ரேஷியோவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கையால் சமப்படுத்திய குரலுக்கு 2:1 முதல் 4:1 வரை எதுவும் வேலை செய்யும். அதைவிட முக்கியம், அமுக்கம் எல்லாவற்றையும் ஒரே கம்ப்ரஸரின் தலையில் கட்டாமல் இரண்டுக்குப் பிரித்துக் கொடுப்பது. ஸ்டூடியோக்களில் இதற்கு ஒரு பழைய கம்ப்ரஸர் ஜோடி உண்டு: முதலில் 1176, அதன் பின்னால் எல்ஏ-2ஏ. முன்னது பில் புட்னம் 1960களின் பிற்பகுதியில் வடிவமைத்தது. அதன் அட்டாக் 20 மைக்ரோசெகண்டிலிருந்து 800 மைக்ரோசெகண்டுக்குள், அதாவது அதன் மிக மெதுவான அட்டாக்கே ஒரு மில்லிசெகண்டுக்குள் அடங்கிவிடும். பின்னது அதற்குச் சில ஆண்டுகள் முந்தியது, ஒளியையும் ஒளியுணர் மின்தடையையும் வைத்து இயங்குவது. அட்டாக் சுமார் 10 மில்லிசெகண்ட், விடும்போது பாதியைச் சட்டென்று விட்டு மீதியை நொடிக்கணக்கில் மெல்ல விடும். முதலாவது திடீர் முனைகளை மட்டும் நறுக்கும், இரண்டாவது மொத்தக் குரலையும் மெதுவாக ஏந்தும். இரண்டின் நகல்களும் ப்ளக்-இன்னாக எங்கும் கிடைக்கின்றன, இலவசமாகவும் கூட. அவைதான் வேண்டும் என்பதில்லை. உங்கள் மென்பொருளோடு வந்த கம்ப்ரஸரையே இரண்டு முறை போட்டு, முதலாவதை வேகமாக வைத்து உச்சங்களில் மட்டும் 2, 3 டெசிபல், இரண்டாவதை மெதுவாக வைத்து எப்போதும் 2, 3 டெசிபல் என்று விட்டால் அதே தத்துவம்தான். ஒன்று கவனம்: 1176-இல் அட்டாக், ரிலீஸ் குமிழ்கள் தலைகீழ். வலதுபக்கம் முழுசாகத் திருப்பினால் அதிவேகம். வீடியோவில் "அட்டாக்கைக் கூட்டுங்கள்" என்று சொன்னால் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்ப்ரஸர் போட்ட பிறகு ச, ஸ, ஷ எல்லாம் சீறுகிறது என்று ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தீர்கள். இதுவும் எதிர்பார்க்க வேண்டியதே. உயிரொலியின் ஆற்றல் பெரிது, அதனால் கம்ப்ரஸர் அதைக் குறைக்கிறது. சகரத்தின் சீறல் மட்டத்தில் சின்னது, த்ரெஷோல்டுக்குக் கீழேயே நழுவிவிடுகிறது. பிறகு மேக்கப் கெயினில், அதாவது அமுக்கியதற்கு ஈடாக மட்டத்தை ஏற்றும் குமிழில், எல்லாவற்றையும் 6 டெசிபல் தூக்கும்போது சீறலும் 6 டெசிபல் ஏறுகிறது. சீறல் பொதுவாக 5,000 முதல் 9,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும், பாடுகிறவருக்குப் பாடுகிறவர் மாறும். அந்த இடத்தைக் காதால் கண்டுபிடித்து, சீறலை மட்டும் அமுக்கும் டீ-எஸ்ஸர் போடுங்கள். நாலைந்து சகரம் மட்டும்தான் தொல்லை என்றால் டீ-எஸ்ஸரே வேண்டாம், அவற்றைக் கையால் வெட்டி இறக்கிவிடுவது சுத்தம். பகரம் மைக்கில் காற்றாக மோதும் தும் என்ற சத்தம் வேறு கதை: அது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் பெரிய ஆற்றல், காதுக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் கம்ப்ரஸருக்குத் தெரியும். அது பாய்ந்து அமுக்கிவிட, அந்தச் சொல்லே காரணமில்லாமல் ஒரு கணம் அமிழும். கம்ப்ரஸருக்கு முன்னால் 80 ஹெர்ட்ஸை ஒட்டி, அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் வைத்தால் போய்விடும். கனத்த ஆண்குரலாக இருந்தால் இன்னும் கீழே வையுங்கள், இல்லாவிட்டால் குரலின் அடிப்பகுதியே போகும்.

மேக்கப் கெயின் குரலை மட்டும் தூக்காது. 10 டெசிபல் அமுக்கி 10 டெசிபல் ஏற்றினால், பாடாத இடங்களில் ஃபேன் சத்தமும் அறையின் எதிரொலியும் ஹெட்போனிலிருந்து கசிந்த இசையும் 10 டெசிபல் ஏறும். எதிரொலிக்கும் அறையில் பதிவான குரலை எந்தக் கம்ப்ரஸராலும் நெருக்கமாக்க முடியாது, மேலும் தூரமாக்கத்தான் முடியும். அதேபோல் பதிவிலேயே சிவப்பு விளக்கு எரிந்து வெட்டுப்பட்ட குரலையும் அது காப்பாற்றாது. 24 பிட்டில் பதிவுசெய்தால் உச்சம் மைனஸ் 10-ஐ ஒட்டி இருந்தாலே தாராளம். பாடும்போது உச்சத்துக்குப் போகையில் மைக்கிலிருந்து கொஞ்சம் விலகுவதும் பெரிய உதவி. எதிரொலி குறைந்த இடத்தில் தூரம் இரட்டித்தால் நேரடி ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். ஆனால் 10 சென்டிமீட்டருக்கும் 30-க்கும் இடையே ஆடிக்கொண்டே பாடினால் குரலின் நிறமும் மாறும், நெருங்கும்போது அடிக்கனம் கூடும். அந்த நிற மாற்றத்தை மட்டத்தால் சரிக்கட்ட முடியாது.

இனி ஆளுக்கு ஆள் மாறும் விஷயங்கள். ஈக்யூ (ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பது) முதலா, கம்ப்ரஸர் முதலா? வேண்டாததை வெட்டும் ஈக்யூ முன்னால், நிறம் சேர்க்கும் ஈக்யூ பின்னால் என்பது என் பழக்கம்; எதிர்மாறாகச் செய்து அருமையாக மிக்ஸ் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். டீ-எஸ்ஸர் முன்னாலா பின்னாலா என்பதிலும் இதே கதை. பதிவின்போதே கம்ப்ரஸர் வழியாகப் போகலாமா என்றால், தனியாக நீங்களே பாடி நீங்களே பதிவுசெய்யும்போது வேண்டாம் என்பேன், அமுக்கியதைப் பிறகு அவிழ்க்க முடியாது. பேரலல் கம்ப்ரஷன், அதாவது கடுமையாக அமுக்கிய ஒரு நகலை அசல் குரலுக்கு அடியில் கலப்பது, மெல்லிய பகுதிகளைத் தூக்கி உச்சங்களை விட்டுவைக்கும் என்பது உண்மை. ஆனால் மேலே சொன்னதைச் செய்தபின் பெரும்பாலும் அதற்குத் தேவை வராது. எத்தனை டெசிபல் அமுக்குவது சரி என்பதற்கும் பொது விடை இல்லை. ஒற்றை கிட்டாரோடு பாடும் குரலில் 3 டெசிபலே அதிகமாகத் தெரியலாம், நெருக்கமான தாள இசைக்கு நடுவே 10 டெசிபல்கூட இயல்பாகக் கேட்கலாம்.

உங்கள் விஷயத்தில் அந்த ஆயத்த ட்ராக்கையும் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். அப்படிக் கிடைப்பவை பெரும்பாலும் ஏற்கெனவே லிமிட்டர் (உச்சத்தை ஓர் எல்லையைத் தாண்டவிடாத கடுமையான கம்ப்ரஸர்) போட்டு இறுக்கி முடித்தவை. மட்டம் ஏறி இறங்க இடமே வைத்திருக்க மாட்டார்கள். அதன் மேல் குரல் மட்டும் தாராளமாக ஏறி இறங்கினால் இறங்கிய இடமெல்லாம் மூழ்கும். குரலை இன்னும் அமுக்குவதற்கு முன், ட்ராக்கை 3 டெசிபல் இறக்கிப் பாருங்கள். பிறகு அதில் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியை ஒன்றிரண்டு டெசிபல் குறைத்துப் பாருங்கள், சொல் தெளிவுக்கு வேண்டிய இடம் அங்கேதான் பெரிதும் இருக்கிறது. சில சமயம் குரலில் எதையுமே தொடாமல் இதிலேயே வரிகள் கேட்கத் தொடங்கிவிடும்.

கேட்டுப் பார்க்கும் முறையில் இரண்டு விதிகளை நான் விடுவதில்லை. ஒன்று, மேக்கப் கெயினைத் தானாக ஏற்றும் ஆட்டோ மேக்கப்பை அணைத்துவிட்டு, கம்ப்ரஸரை பைபாஸ் செய்தாலும் (தற்காலிகமாக விலக்கினாலும்) செய்யாவிட்டாலும் குரல் ஒரே உரப்பில் இருக்கும்படி வைத்துத்தான் ஒப்பிடுவேன். ஒரு டெசிபல் உரக்கக் கேட்டாலே காதுக்கு அது நன்றாக இருப்பதுபோல் தோன்றும். கம்ப்ரஸர் நல்லது செய்ததா, வெறுமனே சத்தத்தைக் கூட்டியதா என்று அப்போது சொல்லவே முடியாது. இரண்டு, குரலைத் தனியாக சோலோவில் வைத்து எண்களை முடிவுசெய்வதில்லை. இசையோடு, அதுவும் பக்கத்தில் ஒருவர் பேசினால் பாட்டு மறைந்துவிடும் அளவுக்குச் சன்னமான சத்தத்தில் கேட்பேன். எந்தச் சொல் மூழ்குகிறது என்பது அப்போது உடனே தெரியும், உரக்க வைத்தால் தெரியாது.

உங்கள் பதிவைக் கேட்காமல் இதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியாது. காதால் கேட்டால் ஒரு நிமிடத்தில் பிடிபடுவது எழுத்தில் பிடிபடாது. கிளிப் கெயின் வேலையை ஒருமுறை செய்துவிட்டு, அதன் பிறகும் சிக்கல் இருந்தால் மூன்று விவரங்களை எழுதுங்கள்: கம்ப்ரஸருக்கு முன்னால் உங்கள் குரலின் உச்ச மட்டம் எவ்வளவு, பாட்டிலேயே உரத்த வரியில் கெயின் ரிடக்ஷன் மீட்டர் எத்தனை டெசிபல் இறங்குகிறது, அந்த வரி முடிந்தபின் அது பூஜ்யத்துக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது. மூழ்கும் சொல் எது என்பதையும், அதற்கு முந்திய சொல்லையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது.